ஆறட்டும் அண்ணன் வேண்டாமென்ற வண்டி

வணக்கம் சொல்வதற்கு முன்பே அவர் கை பானட்டின் மேல் போய்விடும். காரை விற்கிறவர் சிரித்த முகத்தோடு கைகுலுக்க நீட்டிய கை அந்தரத்தில் நிற்கும். இவரோ உள்ளங்கையை இரும்பில் பதித்து, பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிற தாய் மாதிரி கண்ணை மூடிக்கொள்வார். லேசாகச் சூடு தட்டினால் போதும், "ஆறட்டும்" என்று ஒரே சொல். தோள்பையிலிருந்து மடக்கு முக்காலியை எடுத்து விரித்து, நிழல் பார்த்து உட்கார்ந்துவிடுவார். ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ, இன்ஜின் சில்லென்று ஆகும்வரை அந்த இடத்தைவிட்டு அசைய மாட்டார். டீ குடிக்க உள்ளே கூப்பிட்டாலும் போக மாட்டார். போன நேரத்தில் யாராவது வண்டியை ஒரு முறை கிளப்பிவிட்டால் என்ன செய்வது என்ற கவலை அவருக்கு.

இதில் காரணம் இல்லாமல் இல்லை. குளிர்ந்த இன்ஜின்தான் இருமும், புகை கக்கும், நடுங்கும். காலையிலேயே ஒரு சுற்று ஓட்டிச் சூடேற்றி வைத்துவிட்டால் எந்தக் கிழட்டு வண்டியும் இளசு மாதிரி நிற்கும். பழைய கார் விற்கிற எல்லோருக்கும் இந்த வித்தை தெரியும் என்பதால், அண்ணனிடம் அது எடுபடாமல் போனதும் அவர்கள் எரிச்சலில் வைத்த பெயர்தான் 'ஆறட்டும்'. இப்போது அவருடைய வாடிக்கையாளர்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். சொந்தப் பெயர் ஓட்டுநர் உரிமத்தில் மட்டும் பத்திரமாக இருக்கிறது.

இருபத்தெட்டு வருஷம் கியர்பாக்ஸ் மெக்கானிக்காக இருந்தவர். முதுகு ஒத்துழைக்காமல் போனதும் பட்டறையை விட்டுவிட்டு, பழைய கார் வாங்குகிறவர்களுக்குத் துணையாகப் போய் வண்டி பார்த்துச் சொல்கிற வேலைக்கு வந்தார். வருகிறவர்களில் பாதிக்கு மேல் தினமும் வேலைக்குப் போய்வர ஒரு சின்ன ஆட்டோமேட்டிக் கார் தேடுகிறவர்கள். பள்ளிக்கூட ஆசிரியை, வங்கிக் குமாஸ்தா, பல் டாக்டரின் உதவியாளர் என்று நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து இடது கால் செத்துப்போனவர்கள். விலை குறைவாக இருக்க வேண்டும், நடுவழியில் நிற்கக் கூடாது, பெட்ரோல் குடிக்கக் கூடாது, கியர் தானாக விழ வேண்டும் என்று அடுக்குவார்கள். "மாப்பிள்ளைக்கே இவ்வளவு கேக்க மாட்டாங்க" என்பார் அண்ணன். ஆனாலும் மறுநாளே முக்காலியோடு கிளம்பிவிடுவார்.

அவர் பார்க்கிற விதமே தனி. முதலில் பாட்டை நிறுத்தச் சொல்வார். பிறகு சீட்பெல்ட்டைக் கடைசிவரை இழுப்பார். வெள்ளத்தில் முங்கிய வண்டியைக் கழுவி, துடைத்து, சென்ட் அடித்து வைப்பவர்கள், பெல்ட் சுருண்டு கிடக்கிற கடைசி முழத்தை மட்டும் கழுவ மறந்துபோவார்கள். அங்கே ஒரு மங்கிய மண்கோடு இருக்கும். அடுத்து, ஒவ்வொரு கண்ணாடியின் மூலையிலும் உள்ள முத்திரையைப் படிப்பார். ஐந்து கண்ணாடி ஒரு கம்பெனியும் ஆறாவது வேறு கம்பெனியும் என்றால் அந்தப் பக்கம் அடி வாங்கியிருக்கிறது என்று பொருள். பிரேக் பெடலின் ரப்பர் மழமழவென்று தேய்ந்திருக்க, மீட்டர் மட்டும் கொஞ்சம்தான் ஓடியதாகக் காட்டினால் அவருக்கு மூக்கில் வேர்த்துவிடும்.

எல்லாம் முடிந்தபிறகு ஓட்டிப் பார்ப்பார். அவர்தான் ஓட்டுவார். வாங்குகிறவரைப் பின்சீட்டில் உட்காரவைத்துவிடுவார். ஸ்டியரிங்கைப் பிடித்த நிமிஷமே மனுஷனுக்கு வண்டிமேல் ஆசை வந்துவிடும், அப்புறம் குறை கண்ணில் படாது என்பது அவர் கட்சி. எவ்வளவு கெஞ்சினாலும் இந்த விதியை மட்டும் அவர் தளர்த்தியதில்லை.

இத்தனை வருஷமாகத் தில்லுமுல்லுகளிலேயே புழங்குகிற ஆளுக்கு மரத்துப்போயிருக்க வேண்டாமா? அதுதான் இல்லை. ஒவ்வொரு முறையும் புதிதாக அதிர்ந்துபோவார். ஒருமுறை வெள்ளை நிறச் சின்னக் கார் ஒன்றின் தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தவர், அப்படியே தலையில் கைவைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். நொறுங்கிப்போன இரண்டு கார்களின் முன்பாதியையும் பின்பாதியையும் பற்றவைத்து ஒரே காராக ஆக்கியிருந்தார்கள். அதில் ஒரு குழந்தை இருக்கை வேறு மாட்டியிருந்தது. "இப்படியுமா பண்ணுவாங்க?" என்று அன்று முழுக்க எதிர்ப்பட்டவரிடமெல்லாம் கேட்டார். வீட்டுக்கு வந்தும் சோறு இறங்கவில்லை. அவருக்குக் காது குத்துவது கஷ்டம். குத்த முயன்றார்கள் என்பதைத் தாங்கிக்கொள்வது அவருக்கு அதைவிடக் கஷ்டம்.

கண்ட குறைகளையெல்லாம் நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் எண் போட்டு எழுதி, அடியில் 'எடுக்கலாம்' அல்லது 'வேண்டாம்' என்று முடித்துக் கையில் கொடுப்பார். பத்தில் ஒன்றுக்கு 'எடுக்கலாம்' கிடைக்கும். ஊருக்கு நிலவரம் இப்படி. வீட்டுக்கு என்று பார்த்ததில் அந்த ஒன்றும் கிடைக்கவில்லை என்பதுதான் இங்கே சொல்லவந்த விஷயம்.

அண்ணி, அதாவது அவர் மனைவி, பெரிய ஆஸ்பத்திரியின் ரத்த வங்கியில் பரிசோதகர். இருபத்தொரு வருஷ சர்வீஸ். எந்த அலமாரியில் எந்த வகை ரத்தம் எத்தனை பை இருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். காலை ஏழு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். இரண்டு பஸ் மாறி, கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போனதில் இடது முழங்கால் தேய்ந்துபோனது. இனி பஸ்ஸில் நின்றுகொண்டு போகக் கூடாது என்று எலும்பு டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நாலு நாள் தாமதமாக வந்ததற்கு மேலதிகாரி ஒரு படிவத்தை நீட்டினார். அரையாண்டுக்குள் ஏதாவது ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் தானாக விலகுவதாக எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அண்ணி அந்தப் படிவத்தைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தார். கிளட்ச் மிதிக்கத் தேவையில்லாத ஒரு சின்னக் கார் இருந்தால் இந்தப் பேச்சே இல்லை. அவருக்கு லைசென்ஸ் உண்டு, கல்யாணத்துக்கு முன்பே எடுத்தது. புருஷன் வேறு இந்த ஊரிலேயே கார் பார்ப்பதில் பேர்போனவர். ஒரு மாதத்தில் முடிகிற காரியம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இருவரும் கிளம்பினார்கள். அண்ணன் பார்ப்பார், அண்ணி பின்சீட்டில் உட்கார்வார். ஒன்றில் ஏசி காற்றில் லேசாகப் புழுங்கல் வாடை. ஒன்றில் டயரின் வயசு சரியில்லை. இன்னொன்றில் எல்லாம் சரி, ஆனால் விற்கிறவர் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. ஊரார் வாங்கினால் 'எடுக்கலாம்' என்று எழுதியிருக்கக்கூடிய வண்டிகளில்கூட, இவள் இதில் போய் நடுவழியில் நின்றுவிட்டால் என்ற நினைப்பு வந்து கையைப் பிடித்துக்கொள்ளும். சீட்டின் அடியில் 'வேண்டாம்' விழும். அதைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு வந்து வீட்டு மேஜை இழுப்பறையில் போடுவார்.

பத்தொன்பதாவது வண்டி கத்தரிப்பூ நிறம். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவருடையது. அதைப் பார்த்ததுமே அண்ணிக்குப் பிடித்துவிட்டது. வண்டி ஆறுகிற நேரத்தில் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, இடது காலை நீட்டி வைத்துக்கொண்டு, பல மாதங்களுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார். அண்ணன் அவரை இறங்கச் சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கினார். பதினாலு குறை எழுதினார். பின்பக்க இடது கண்ணாடி வேறு கம்பெனி என்பதில் ஆரம்பித்து நீண்ட பட்டியல். அதில் பதினொன்றாவதுதான் அவரைக் கலக்கியது.

இந்த மாதிரி மலிவான ஆட்டோமேட்டிக்கில் கிளட்சே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். இருக்கிறது. நம் காலுக்குப் பதிலாக ஒரு சின்ன மோட்டார் அதை மிதிக்கிறது. கத்தரிப்பூ வண்டியில் அந்தக் கிளட்ச் பாதி தேய்ந்திருந்தது. ஒன்றாம் கியரிலிருந்து இரண்டுக்குப் போகும்போது வண்டி ஒரு தலையாட்டு ஆட்டியது. மேட்டில் பிரேக்கை விட்டால் ஒரு முழம் பின்னால் உருண்டது. அது பன்னிரண்டாவது. "ஆறு மாசம் தாங்காது" என்று தீர்ப்பு சொல்லிவிட்டு, முக்காலியை மடக்கினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணி முழங்கால் வலி என்று சொல்லி, நீங்களே பார்த்துவிட்டு வாருங்கள் என்றார். அதற்கப்புறம் அவர் கூடவே வரவில்லை.

அந்த வாரமே ஒரு நல்ல செய்தியும் சொன்னார். கூட வேலை செய்கிற ஓர் அம்மா அவரைத் தெருமுனையிலிருந்து தன் காரில் ஏற்றிக்கொண்டு போகச் சம்மதித்திருக்கிறாராம். படிவத்தையும் கையெழுத்துப் போடாமலே மேலதிகாரியிடம் திருப்பிக் கொடுத்தாயிற்றாம். அண்ணனுக்கு அப்பாடா என்றிருந்தது. ஆனாலும் அடுத்தவர் வண்டியை எத்தனை நாள் நம்புவது என்று தேடலை விடவில்லை. எட்டு மாதம் ஓடியது. பத்தொன்பது, நாற்பத்து மூன்று ஆனது.

இந்த எட்டு மாதத்தில் அண்ணிக்குக் கார் விஷயத்தில் வந்த ஆர்வம் அண்ணனுக்கே பெருமையாக இருந்தது. சாப்பிடும்போது கேள்வி கேட்பார். எண்ணெய் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், கிளட்ச் தேய்ந்தால் வாடை எப்படி வரும், மேட்டில் வண்டி உருளாமல் இருக்க என்ன வழி. அண்ணன் தட்டில் கறிகாயை வைத்து கியர்பாக்ஸ் வரைந்து காட்டுவார். "அந்தம்மாகிட்ட சொல்லு, சிக்னல்ல பிரேக்க விட்டு வண்டிய ஊரவிட்டாங்கன்னா கிளட்ச் கருகிடும்" என்பார். மறுநாள் அண்ணி, சொன்னேன், அவர்கள் நன்றாகக் கேட்டுக்கொண்டார்கள் என்று பதில் கொண்டுவருவார். அந்த அம்மா எப்படி ஓட்டுகிறார் என்று ஒருநாள் கேட்டதற்கு, "பொறுமையாத்தான் ஓட்டுறாங்க" என்று சொல்லிவிட்டு ரசம் எடுத்துவர எழுந்து போனார்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஊரார் வண்டியில் கீறல் தேடுகிறவர், வீட்டில் எதையும் பார்க்கவில்லை. மனைவி இப்போதெல்லாம் முழங்காலைத் தேய்த்துக்கொள்வதில்லை. அதைத் தான் வாங்கித் தந்த தைலத்தின் மகிமை என்று நாலு பேரிடம் சொல்லிக்கொண்டார். மழைநாளில் குடை நனையாமல் வந்தது. முதுகுக்கு வைத்துக்கொள்ள இவருடைய பழைய கட்டம்போட்ட நீலச் சட்டையில் தைத்த திண்டு ஒருநாள் வீட்டிலிருந்து காணாமல் போனது. வேலை செய்கிற நாற்காலிக்குக் கொண்டுபோயிருப்பாள் என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

சென்ற புதன்கிழமை மத்தியானம் அந்த ஆஸ்பத்திரியிலிருந்தே ஓர் அழைப்பு வந்தது. அங்கே மருந்துப் பிரிவில் வேலை செய்கிற இளைஞர், டாக்டர் ஒருவரின் பழைய காரை வாங்க நினைக்கிறார், வந்து பார்க்க முடியுமா என்றார். அண்ணனை அவருக்கு யார் மூலமோ தெரியும், அண்ணியின் புருஷன் என்று தெரியாது. வேலையை முடித்துவிட்டு மூன்று மணிக்கு அண்ணியையும் அழைத்துக்கொண்டு வரலாம் என்று அண்ணனும் உற்சாகமாகக் கிளம்பினார். கட்டடத்துக்கு அடியில் கார் நிறுத்துமிடம். செங்குத்தான சரிவில் இறங்கிப் போனால், மஞ்சள் விளக்கும் பெட்ரோல் வாடையுமாக வரிசை வரிசையாகத் தூண்கள்.

டாக்டர் காருக்கு நாலு வண்டி தள்ளி அது நின்றது. அண்ணனுக்கு நம்பர் பிளேட் ஞாபகம் இருக்காது, குறைதான் ஞாபகம் இருக்கும். கத்தரிப்பூ நிறம், பின்பக்க இடது கண்ணாடியில் வேறு முத்திரை. அடப்பாவமே என்றிருந்தது அவருக்கு. மருந்துக்காரரின் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினார். "இத பாருங்க தம்பி. நான் பாத்து வேண்டாம்னு சொன்ன வண்டி. யாரோ பாவம், இத வாங்கி ஏமாந்திருக்காங்க."

சொல்லிக்கொண்டே பழக்கதோஷத்தில் கண்ணாடி வழியாக உள்ளே குனிந்தார். டிரைவர் சீட்டில் கட்டம்போட்ட நீலத் திண்டு இருந்தது. அதில் ஒரு பக்கம் சட்டைப்பை அப்படியே இருந்தது. பையின் ஓரத்தில் பேனா கசிந்த கறைகூட இருந்தது. அவருடைய பேனா, அவருடைய கறை.

முதலில் அவருக்கு எதுவும் விளங்கவில்லை. அந்த அம்மா இவளிடமிருந்து திண்டை வாங்கிக்கொண்டாள் போலிருக்கிறது என்றுகூட ஒரு கணம் மனசு வழி தேடியது. காவலாளி பக்கத்தில் வந்து, பெருமையோடு விவரம் சொல்ல ஆரம்பித்தார்.

"அது ரத்த வங்கி அக்கா வண்டிங்க. எட்டு மாசமா ஒரு நாள் நின்னதில்ல. அக்கா வீட்டுக்காரர் ஏதோ கார் பாத்து சொல்றவராம். அவர் வேண்டாம்னு எழுதின சீட்டையே விக்கிறவர்கிட்ட காட்டி, பாதி விலைக்குக் கேட்டு வாங்கிட்டாங்களாம். இங்க அக்காவப் பாத்துட்டு அதே மாதிரி நாலஞ்சு பேர் வாங்கியிருக்காங்க."

மருந்துக்காரர் மெல்ல வேறு பக்கம் பார்த்தார். அவருடைய திட்டமும் அதுதான் என்பது முகத்திலேயே எழுதியிருந்தது.

அண்ணனுக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. பற்றவைத்த வண்டியைப் பார்த்த அன்றுகூட இப்படி ஆனதில்லை. பத்து வருஷமாக எழுதிக் கொடுத்த 'வேண்டாம்'களெல்லாம் எங்கெங்கே போய் என்னென்ன விலைக்குப் பேரம் பேசினவோ என்ற எண்ணம் ஒருபக்கம். அதைவிட, இருபத்தாறு வருஷம் கூடவே இருந்தவள் தினமும் காலையில் தெருமுனை திரும்பி, இவர் ஆறு மாதம் தாங்காது என்று சொன்ன வண்டியில் ஏறிப் போயிருக்கிறாள் என்பதுதான் பெரிதாக வலித்தது. அந்த ஆறு மாதமும் தாண்டிவிட்டது. 'அந்தம்மா'வுக்குத் தான் சொல்லியனுப்பிய புத்திமதியெல்லாம் நினைவுக்கு வந்து முகத்தில் அசடு வழிந்தது. இன்று முடியாது என்று மருந்துக்காரரிடம் சொல்லியனுப்பிவிட்டு, முக்காலியை விரித்து அந்த வண்டியின் பக்கத்திலேயே உட்கார்ந்தார். உட்கார்ந்தவரால் சும்மா இருக்க முடியவில்லை. மண்டிபோட்டு அடியில் எட்டிப் பார்த்தார். தரையில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. டயர் நாலும் அதன்பிறகு மாற்றியவை, ஒரே சீராகத் தேய்ந்திருந்தன. பதினாலில் ஆறு குறைகளைக் காணவே இல்லை.

மூன்று மணிக்கு அண்ணி வந்தார். தூரத்திலேயே அவரைப் பார்த்துவிட்டார். நடை ஒரு கணம் தடுமாறியது. பிறகு நிமிர்ந்து நேராக வந்து நின்றார். காவலாளி எதையோ மோப்பம் பிடித்து நகர்ந்துபோனார்.

"ஏன் சொல்லல?" என்றார் அண்ணன்.

"சொல்லியிருந்தா அன்னைக்கே விக்க வெச்சிருப்பீங்க. கையெழுத்துப் போட வேண்டிய தேதிக்கு மூணு நாள்தான் இருந்துச்சு."

"அந்தக் கிளட்சு..."

"தெரியும். பதினொண்ணாவது."

வண்டியை இன்றைக்கே விற்றுவிடலாம், பட்டறையில் தெரிந்த ஆள் இருக்கிறார் என்று அண்ணன் ஏதோ முணுமுணுத்தார். அண்ணி பையிலிருந்து சாவியை எடுத்தார்.

"நாப்பத்தி மூணு வண்டி பாத்தீங்களே. ஒண்ணுலயாவது என்னைய ஓட்டச் சொல்லிப் பாத்தீங்களா? உங்களுக்கு வண்டி மேல பயமில்லங்க. நான் ஓட்டுறதுதான் பயம்."

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். இருபத்தாறு வருஷத்தில் அண்ணி ஓட்டி, தான் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு நாளைத் தேடினார். ஒரு நாளும் அகப்படவில்லை. அது அன்றைய மூன்றாவது இடி.

"ஏறி உக்காருங்க" என்றார் அண்ணி. "வீடு வரைக்கும் நான் ஓட்டுறேன். பயமா இருந்துச்சுன்னா வாசல்ல இறங்கிச் சொல்லுங்க, சாவிய உங்ககிட்டயே குடுத்துட்டு, வேலைக்கு எழுதிக் குடுத்துடறேன். ஆனா உக்காந்து பாத்துட்டுத்தான் சொல்லணும்."

இருபத்தொரு வருஷ வேலையை அவர் அப்படித் தூக்கிப் பணயமாக வைத்துவிட்டார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது அண்ணனுக்குத் தெரியும். முக்காலியை மடக்கி மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் ஏறினார். சீட்பெல்ட்டை மாட்ட இரண்டு தடவை தவறியது. அண்ணிதான் மாட்டிவிட்டார்.

முதலில் அந்தச் செங்குத்தான சரிவு. முன்னால் ஓர் ஆம்புலன்ஸ், பாதி மேட்டில் நின்றுவிட்டது. பின்னால் ஒட்டினாற்போல் ஒரு பெரிய கார். பன்னிரண்டாவது குறை அண்ணன் கண்முன்னால் வந்து நின்றது. காலடியில் தரையில் விரித்த வெறும் ரப்பர் மிதியடிதான் இருந்தது. அதையே பிரேக் என்று நினைத்து வலது காலால் ஓங்கி அமுக்கினார். வண்டி உருளவில்லை. அண்ணி கைப்பிரேக்கை இழுத்துப் பிடித்திருந்தார். ஆம்புலன்ஸ் நகர்ந்ததும் ஆக்சிலேட்டரை ஒரு மூச்சு கொடுத்து, இன்ஜின் குரல் மாறியபிறகே கைப்பிரேக்கை விட்டார். வண்டி ஓர் அங்குலம்கூடப் பின்வாங்காமல் ஏறி வெளிச்சத்துக்கு வந்தது. தட்டில் கறிகாயை வைத்து அவர் சொல்லிக்கொடுத்த அதே வழி.

வெளியே நெரிசல். ஸ்கூட்டர்கள் நுழைந்தன, ஒரு பஸ் வந்து உரசுகிற மாதிரி ஒதுங்கியது. அண்ணனுடைய கால் ஓயாமல் மிதியடியை மிதித்துக்கொண்டிருந்தது. கைகள் முக்காலியை இறுக்கிப் பிடித்திருந்தன. சிக்னலில் வண்டி முழுசாக நின்றது, ஊரவில்லை. பச்சை விழுந்தது. வண்டி கிளம்பி வேகம் பிடிக்க, இதோ, இப்போது ஒன்றிலிருந்து இரண்டு விழப்போகிறது, தலையாட்டப் போகிறது என்று அண்ணன் பல்லைக் கடித்தார். இருபத்தெட்டு வருஷம் கியர்பாக்ஸைக் கேட்ட காது அது, நொடி தவறாது. அதே நொடியில் அண்ணியின் பாதம் ஆக்சிலேட்டரிலிருந்து நூலளவு மேலே எழுந்தது. கியர் விழுந்தது. பாதம் மறுபடி இறங்கியது. ஆட்டம் இல்லை, உதறல் இல்லை. பாதி தேய்ந்த கிளட்ச், தூங்குகிற பிள்ளையைத் தோள் மாற்றுகிற மாதிரி, சத்தமில்லாமல் கை மாறியது.

இதை அவர் சொல்லிக்கொடுக்கவில்லை. யாரும் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது. எட்டு மாதம் தினமும் அந்த வண்டியோடு போய்வந்து, அதன் வலி எங்கே இருக்கிறது என்று தானாகவே கண்டுகொண்ட கால் அது. அடுத்த சிக்னலிலும் அப்படியே எழுந்தது, அப்படியே இறங்கியது. அண்ணன் சாலையைப் பார்க்கவில்லை, அந்தப் பாதத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். அண்ணி கண்ணைச் சாலையிலிருந்து எடுக்கவில்லை.

வீட்டுக்கு இன்னும் மூன்று சிக்னல் இருந்தது. அண்ணன் முக்காலியைப் பின்சீட்டில் போட்டார். குனிந்து செருப்பை ஒவ்வொன்றாகக் கழற்றி ஓரமாக வைத்தார். பிறகு இரண்டு காலையும் மிதியடியிலிருந்து தூக்கி, சீட்டின் மேல் மடித்து, சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.